தீவனத்தை நிறுத்தினால் மீன் எதைத் தின்னும்?

பசியை மீன் தாங்கும்... பசியோடு அயற்சியும் சேர்ந்தால் எடை கரையும்! பண்ணைக்குட்டை விவசாயிகள் கவனத்துக்கு...

‘பிண்ணாக்கு விற்கிற விலைக்குத் தினமும் போட்டுக் கட்டுப்படியாகலை சார். ஒரு மாசம் நிறுத்தினா மீன் செத்தா போயிடும்?’

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் பண்ணைக்குட்டை வைத்திருக்கும் விவசாயிகள் பலரும் கேட்கும் கேள்வி இது. சாகாது என்பதுதான் உண்மை. ஆடு, மாடு, கோழியைப் போல மீன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளச் சாப்பிடுவதில்லை. அதனால் வாரக்கணக்கில், சில மீன்கள் மாதக்கணக்கில்கூட இரையில்லாமல் உயிரோடு இருக்கும். ஏரி வற்றிய பிறகு ஈரச் சேற்றில் கிடந்து அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்கும் விராலைப் பார்க்காத கிராமம் உண்டா?

ஆனால், உயிரோடு இருப்பது வேறு, எடை போடுவது வேறு. நாம் விற்பது மீனின் உயிரை அல்ல, அதன் சதையை. தீவனத்தை நிறுத்திய நாளிலிருந்து அந்தச் சதைக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டால், எப்போது தீவனத்தைக் குறைக்கலாம், எப்போது கூடவே கூடாது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

விருத்தாசலம் பகுதியில் இந்தக் கேள்விக்குத் தனிக் காரணமும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குட்டை நிரம்புகிறது. குஞ்சு விடுகிறோம். சித்திரையில் தண்ணீர் பாதியாகிவிடுகிறது. மீன் முந்நூறு, நானூறு கிராம் எட்டி, தீவனம் அதிகம் கேட்கும் நேரமும் அதுதான். கையில் காசு குறையும் நேரமும் அதுதான். தீவனக் குறைவு, தண்ணீர்க் குறைவு, வெயில் மூன்றும் ஒன்றாக வந்து விழுகின்றன.

முதலில் கொழுப்பு, பிறகு சதை

மீன் சாப்பிட்டதும் கொஞ்சம் சக்தியை ஈரலில் மாவுச்சத்தாகச் சேமிக்கும். மிச்சத்தைக் குடலைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்பாக வைக்கும். இரை நின்றதும் இந்த வரிசையில்தான் செலவு நடக்கும். முதலில் ஈரலின் மாவுச்சத்து, அடுத்து குடல் கொழுப்பு. அவை குறையக் குறைய, சதையில் உள்ள புரதத்தில் கை வைக்கும். அடுப்பெரிக்க முதலில் விறகு, பிறகு பழைய பலகை, கடைசியில் கூரை உத்தரத்தையே பிடுங்கி எரிப்பது போன்றது இது.

மீனின் எடையில் ஏறக்குறைய பாதி வெள்ளைச் சதை. பக்கவாட்டில் தோலுக்கு அடியில் மெல்லிய பட்டையாக ஓடும் கருஞ்சதை, சதா நீந்திக்கொண்டே இருப்பதற்கானது. பட்டினியில் மீன் கருஞ்சதையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வெள்ளைச் சதையைத்தான் முதலில் கரைக்கும். அதாவது, வியாபாரி எதற்குக் காசு கொடுக்கிறாரோ அதுதான் முதலில் போகிறது. புரதம் வெளியேறிய இடத்தில் தண்ணீர் சேர்ந்துகொள்ளும். ரொம்ப நாள் பட்டினி கிடந்த மீனைக் குழம்பில் போட்டால் நீர் விட்டுச் சுருங்குவது இதனால்தான்.

இன்னொரு விஷயம். கோழிக்கும் மாட்டுக்கும் தசைநார்களின் எண்ணிக்கை பிறக்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடும். அதன்பின் அந்த நார்கள் தடிக்கும், அவ்வளவுதான். கெண்டை போன்ற பெரிய மீன்கள் அப்படியல்ல. குஞ்சிலிருந்து வளர்ந்த பிறகும் புதிய நார்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். பழைய நார்களும் தடிக்கும். அதனால்தான் கட்லா பத்து கிலோவையும் தாண்டி வளர்கிறது. பட்டினி காலத்தில் இந்த இரண்டு வேலையும் நின்றுவிடும்.

உத்தரவு இருக்கும், மேஸ்திரி இருக்க மாட்டார்

சதை வளர்ச்சியை நடத்துவது இரண்டு ஹார்மோன்கள். ஒன்று, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விடும் வளர்ச்சி ஹார்மோன். மற்றொன்று, அந்த உத்தரவைக் கேட்டு ஈரல் பெருமளவு தயாரிக்கும் ‘ஐ.ஜி.எஃப்.’ எனும் வளர்ச்சிக் காரணி. முதலாளி உத்தரவு போடுவார், மேஸ்திரி ஆளை வைத்து வேலை வாங்குவார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டினி கிடக்கும் மீனின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறைவதில்லை. பெரும்பாலும் கூடுகிறது. ஆனால் ஐ.ஜி.எஃப். இறங்கிவிடுகிறது. ஈரல் உத்தரவைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. முதலாளி கத்திக்கொண்டிருக்கிறார், மேஸ்திரியைக் காணோம். சதை கட்டும் வேலை நிற்கிறது. வளர்ச்சி ஹார்மோன் கொழுப்பைக் கரைத்துச் சக்தி கொடுக்கும் வேலையை மட்டும் செய்துகொண்டிருக்கும்.

மீண்டும் தீவனம் கிடைத்ததும் ஐ.ஜி.எஃப். மேலே ஏறும். மீன் வழக்கத்தைவிட ஆவலாகச் சாப்பிட்டு, விட்ட வளர்ச்சியை வேகமாகப் பிடிக்கப் பார்க்கும். இதை ‘ஈடுகட்டும் வளர்ச்சி’ என்கிறோம். அதனால் சின்னப் பசி மீனுக்குப் பெரிய கெடுதல் இல்லை.

கார்டிசால் வந்தால் கதையே வேறு

கெடுதல் எங்கே வருகிறது என்றால், பசியோடு அயற்சியும் சேரும்போதுதான். மீனை அரியும்போது, தலைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டி, கருஞ்சிவப்பாக ரத்தக்கட்டி போல ஒன்று இருக்கும். வீட்டில் விரலால் சுரண்டிக் கழுவுவோமே, அதுதான் சிறுநீரகம். அதன் முன்பகுதியில்தான் கார்டிசால் எனும் அயற்சி ஹார்மோன் சுரக்கிறது. வலையில் சிக்கினாலோ, விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்தாலோ, நீர்க்காகம் துரத்தினாலோ, நெருக்கடி தாங்காவிட்டாலோ சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் கார்டிசால் ஏறிவிடும்.

கொஞ்ச நேரம் ஏறி இறங்கினால் அது நல்லது. தப்பி ஓடச் சக்தி கொடுக்கும். சூழ்நிலை சரியானால் சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ பழைய நிலைக்கு வந்துவிடும். நாள்கணக்கில் இறங்காமல் நின்றால்தான் ஆபத்து. அப்போது நான்கு வேலைகள் நடக்கும்.

1. சதைப் புரதத்தை உடைத்து, ஈரலுக்கு அனுப்பி, சர்க்கரையாக மாற்றி எரிக்கும்.
2. பசியை அடக்கும். தீவனம் போட்டாலும் மீன் மேலே வராது.
3. ஐ.ஜி.எஃப்.பை இறக்கிவிடும். மேஸ்திரிக்கு மறுபடியும் விடுப்பு!
4. நோய் எதிர்ப்பைக் குறைக்கும். புண் நோய், பூஞ்சணம், மீன் பேன் எல்லாம் இந்த நேரம் பார்த்து வரும்.

இரண்டாவதைக் கவனியுங்கள். அயற்சியில் இருக்கும் மீனுக்குத் தீவனத்தைக் கொட்டினால் அது சாப்பிடாது. தீவனம் அடியில் அழுகும். அம்மோனியா ஏறும். ஆக்சிஜன் இறங்கும். அயற்சி இன்னும் கூடும். அதனால்தான் ‘தீவனம் போட்டும் வளரவில்லை’ என்ற புகாரும், ‘தீவனம் போடாததால் வளரவில்லை’ என்ற புகாரும் ஒரே குட்டையில் வருகின்றன.

பசியும் கார்டிசாலும் சேர்ந்தால் சதை எந்த அளவுக்குக் கரையும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி, பசிபிக் கடலின் சால்மன் மீன். முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போடத் தொடங்கியதும் அது சாப்பிடுவதை நிறுத்திவிடும். கார்டிசால் பல மடங்கு ஏறும். தன் கொழுப்பையும் சதையையும் எரித்தே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய், முட்டையிட்டு, செத்துப்போகும். கெண்டை அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் கோடைக் குட்டையில் நடப்பது அதே வேலையின் சின்ன வடிவம்தான்.

வெயில் இன்னும் ஒரு படி கூட்டுகிறது. மீனின் உடல் வெப்பம் தண்ணீரோடு சேர்ந்து ஏறும். தண்ணீர் 10 டிகிரி சூடானால் உடலின் சக்திச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆகவே மார்கழியில் பத்து நாள் பட்டினி போட்டால் ஆகும் நஷ்டமும், சித்திரையில் பத்து நாள் பட்டினி போட்டால் ஆகும் நஷ்டமும் ஒன்றல்ல.

‘ஆந்திராக்காரங்க பட்டினி போட்டுத்தானே வளர்க்கிறாங்க?’

இதைக் கேட்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள். நம் சந்தைக்கு ஐஸ் பெட்டியில் வரும் ‘ஆந்திரா மீன்’ பெரும்பாலும் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள கிருஷ்ணா, கோதாவரி மாவட்டக் குளங்களில் வளர்ந்த ரோகு, கட்லா. அங்கே விரலளவுக் குஞ்சுகளை நெருக்கமாக விட்டு, குறைந்த தீவனத்தில் ஓராண்டு வரை வளர்ச்சியைக் கட்டி வைப்பார்கள். நூறு கிராமைத் தாண்டிய அந்தக் குன்றிய மீன்களைப் பெரிய குளத்தில் தாராளமாக இடம்விட்டு இருப்புச் செய்து, முழுத் தீவனம் கொடுப்பார்கள். மீன் ஈடுகட்டி வேகமாக வளரும். குஞ்சுச் சேதமும் குறைவு.

இதில் நாம் பார்க்க வேண்டியது பட்டினியை அல்ல, அதைச் சுற்றி அவர்கள் செய்திருக்கும் ஏற்பாட்டை. தீவனத்தைக் குறைக்கிறார்களே தவிர, நிறுத்துவதில்லை. உரமிட்ட பச்சைத் தண்ணீர் இருக்கிறது. பட்டினி இளம் வயதில் வருகிறது, கடைசியில் அல்ல. அதற்குப் பிறகு இடமும் தீவனமும் தாராளமாகக் கிடைக்கின்றன. நாம் செய்வது நேர் எதிர். முதலில் நன்றாகக் கொடுத்துவிட்டு, விற்கும் நேரத்தில், வற்றும் தண்ணீரில் நிறுத்துகிறோம். ஈடுகட்ட மீனுக்கு நாளும் இல்லை, இடமும் இல்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டின் திலேப்பியா குளங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் தீவனம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. தீவனம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, மகசூல் பெரிதாகக் குறையவில்லை. அதுவும் உரமிட்ட குளங்களில்தான். தீவனம் இல்லாத நாளில் மீன் பச்சைத் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களைத் தின்றது. (நம் நாட்டில் திலேப்பியா வளர்க்க அரசு அனுமதி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.)

நம் கெண்டைகளிலும் இதுபோன்ற வேலை நடந்திருக்கிறது. கர்நாடகத்தின் மீன்வள விஞ்ஞானி நந்தீஷாவும், இலங்கையைச் சேர்ந்த சேனா டி சில்வாவும் கட்லா, ரோகு, சாதாக்கெண்டை மூன்றிலும் சில நாள் புரதம் குறைந்த தீவனம், சில நாள் புரதம் நிறைந்த தீவனம் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறையைக் குள அளவில் சோதித்து 1994-ல் வெளியிட்டார்கள். செலவைக் குறைக்க வழி உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

ஆக, குறைத்தல் வேறு, நிறுத்துதல் வேறு. பச்சைத் தண்ணீர் இருந்தால் குறைக்கலாம்.

களிமண் தண்ணீரில் மீனுக்கு இரட்டைப் பசி

விருத்தாசலம் என்றாலே விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்கு அடுத்து பீங்கான்தான் நினைவுக்கு வரும். களிமண் அகல் விளக்குக்கும் பொம்மைக்கும் அருமையான பொருள். குட்டைக்கு அது பாதி வரம், பாதி தொல்லை. தண்ணீரை ஒழுகாமல் நிறுத்தும், அது வரம். ஆனால் நுண்ணிய களித்துகள் தண்ணீரில் மிதந்துகொண்டே இருந்தால் வெயில் உள்ளே இறங்காது. நுண்பாசி வளராது. நீங்கள் எவ்வளவு சாணம் கரைத்தாலும் தண்ணீர் பழுப்பாகவே இருக்கும். இப்படிப்பட்ட குட்டையில் தீவனத்தை நிறுத்தினால் மீனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. உடைசலில் கிடைக்கும் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் கயிறு கட்டி, சிறிது கனம் சேர்த்து, காலை பத்து மணிக்கு மேல் தண்ணீரில் இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கயிற்றில் அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் பச்சையாக இருந்து 30 முதல் 40 செ.மீ.-ல் மறைந்தால் இயற்கை உணவு போதுமான அளவு இருக்கிறது. 60 செ.மீ.-க்கு மேலும் தெரிந்தால் இயற்கை உணவு இல்லை. 15 செ.மீ.-லேயே மறைந்து, தண்ணீர் பழுப்பாக இருந்தால் அது களிமண் கலங்கல். கடும்பச்சையாக இருந்து 20 செ.மீ.-க்குள் மறைந்தால் பாசி அளவுக்கு மீறிவிட்டது, விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்கும்.

களிமண் கலங்கல்தானா என்று உறுதிசெய்ய ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். தெளிந்துவிட்டால் மீன் கிளறிய வண்டல். தெளியாவிட்டால் மிதக்கும் களி. இதற்கு ஜிப்சம் உதவும். குட்டை ஓரங்களில் வைக்கோல் கட்டுகளைப் போட்டு, அழுகும் முன் எடுத்துவிடுவதும் பலன் தரும். ஜிப்சத்தை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்து, எவ்வளவுக்குத் தெளிகிறது என்று கணக்கிட்டு இடுங்கள். அடி மண்ணைக் கிளறும் சாதாக்கெண்டையை இத்தகைய குட்டையில் குறைவாக விடுவது நல்லது.

மீன் மெலிகிறதா... கண்டுபிடிக்க மூன்று வழிகள்

அளவுகோலும் தராசும்: பட்டினியில் மீனின் நீளம் குறையாது, எடை மட்டும் குறையும். 15 நாளுக்கு ஒருமுறை பத்து மீனைப் பிடித்து நீளத்தையும் எடையையும் குறித்து வையுங்கள். எடையை (கிராம்) 100-ஆல் பெருக்கி, நீளத்தை (செ.மீ.) மூன்று முறை பெருக்கி வரும் தொகையால் வகுங்கள். உதாரணமாக, 30 செ.மீ. மீன் 300 கிராம் இருந்தால் 30,000-ஐ 27,000-ஆல் வகுக்க வேண்டும். வருவது 1.11. அதே நீள மீன் 220 கிராம்தான் என்றால் 0.81. உங்கள் குட்டையில், ஒரே ரக மீனில் இந்த எண் இறங்கிக்கொண்டே வந்தால் மீன் தன் சதையைத் தின்கிறது என்று அர்த்தம்.

வயிற்றைக் கீறிப் பாருங்கள்: குழம்புக்குப் பிடித்த மீனையே பார்க்கலாம். நன்றாகச் சாப்பிடும் மீனில் குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு இருக்கும், பித்தப்பை சிறிதாக இருக்கும். பட்டினி மீனில் கொழுப்பு இருக்காது, குடல் நூலாக இருக்கும், பித்தப்பை கரும்பச்சையாகப் புடைத்து நிற்கும். உண்ணாதபோது பித்தநீர் செலவாகாமல் தேங்குவதே காரணம்.

தீவனத் தட்டு: தட்டில் வைத்த தீவனம் இரண்டு மணி நேரம் கழித்தும் மிச்சமிருந்தால் மீனுக்குப் பசியில்லை என்று நினைக்காதீர்கள். அயற்சியாக இருக்கலாம். விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறை.

மிச்சமா, நஷ்டமா... கணக்குப் போடுவோம்

20 சென்ட் குட்டை. 400 மீன். ஒவ்வொன்றும் அரைக் கிலோ. மொத்தம் 200 கிலோ. எடையில் 2 சதவிகிதம் என்றால் தினம் 4 கிலோ தீவனம். 30 நாளுக்கு 120 கிலோ. தவிடும் பிண்ணாக்கும் கலந்து கிலோ 35 ரூபாய் என்று வைத்தால் 4,200 ரூபாய். தீவனத்தை நிறுத்தினால் இது மிச்சம்.

இப்போது அடுத்த பக்கம். 3 கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ மீன் ஏறும் என்று வைத்தால், கிடைத்திருக்க வேண்டிய 40 கிலோ போச்சு. ஒவ்வொரு மீனும் 50 கிராம் மெலிந்தால் இன்னும் 20 கிலோ போச்சு. மொத்தம் 60 கிலோ. கிலோ 150 ரூபாய்க்கு விற்றால் 9,000 ரூபாய். 4,200 ரூபாயை மிச்சம் பிடிக்க 9,000 ரூபாயை விடுகிறோம். இது உதாரணக் கணக்குதான். உங்கள் ஊர் விலையையும் உங்கள் மீனின் எடையையும் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

கையில் காசு இல்லாதபோது என்ன செய்யலாம்?

மீனைக் குறையுங்கள், தீவனத்தை அல்ல: தண்ணீர் பாதியாகும் முன்பே பெரிய மீன்களில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்து விற்றுவிடுங்கள். மிச்ச மீனுக்கு இடமும் ஆக்சிஜனும் கூடும், விற்ற காசில் தீவனமும் வாங்கலாம். விலை ஏறட்டும் என்று வற்றும் குட்டையில் மீனை வைத்திருப்பது, பஞ்சைப் போல எடை குறையாத பொருளுக்குத்தான் பொருந்தும்.

பச்சைத் தண்ணீர் இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள்: பீங்கான் தட்டு 30-40 செ.மீ.-ல் மறைந்தால் மட்டும் இப்படிச் செய்யலாம். 15 நாளில் எடை இறங்கினால் தினசரிக்குத் திரும்பிவிடுங்கள்.

பையில் தீவனம்: ஆந்திராவில் செய்வதுபோல, அடியில் துளையிட்ட பையில் தவிட்டுக் கலவையைப் போட்டுக் கம்பில் கட்டுங்கள். மீன் இழுத்துத் தின்னும், வீணாவது குறையும். புல் கெண்டைக்கு வரப்புப் புல்லும் அசோலாவும் போதும்.

பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு வேண்டாம்: மல்லாட்டை அதிகம் விளையும் நம் பகுதியில் செக்குப் பிண்ணாக்கு எளிதில் கிடைக்கிறது. ஈரம் பட்டு பூஞ்சணம் பிடித்ததை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்காதீர்கள். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். ஐ.ஜி.எஃப். தயாராவதே ஈரலில்தான்.

கடன் அட்டை: 2018-19 மத்திய பட்ஜெட்டில் கிசான் கடன் அட்டை வசதி மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. குட்டை வெட்டத்தான் கடன் என்று பலர் நினைக்கிறார்கள். தீவனம் வாங்கும் நடைமுறைச் செலவுக்கும் இது உண்டு. சித்திரையில் ஓடாமல், குஞ்சு விடும்போதே வங்கியில் விண்ணப்பியுங்கள்.

தீவனத்தை நிறுத்தியே ஆக வேண்டிய நாள்கள்

* வலை போடுவதற்கும், உயிரோடு ஏற்றி அனுப்புவதற்கும் முந்தைய 24 மணி நேரம். குடல் காலியாக இருந்தால் கழிவு குறையும், ஆக்சிஜன் செலவு குறையும்.
* விடியற்காலையில் மீன் வாய் பிளக்கும் நாள். முதலில் புதுத் தண்ணீர் அல்லது ஏரேட்டர். மீன் தெளிந்த பிறகே தீவனம்.
* தொடர்ந்து மேகமூட்டமாக இருக்கும் நாள்கள்.
* சுண்ணாம்போ மருந்தோ இட்ட நாள்.

நிறுத்திய பிறகு மறுபடி தொடங்கும்போது ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, நான்கைந்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள்.

பிடிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். வெயிலில் மணிக்கணக்கில் வலைக்குள் துள்ளவிட்ட மீனின் சதையில் அமிலம் சேர்ந்து, செத்ததும் சீக்கிரம் விறைத்து, சீக்கிரம் குழைந்துவிடும். அதிகாலையில் பிடித்து உடனே ஐஸில் போடுங்கள். ஆறு மாதம் பாடுபட்ட சதையை அரை மணி நேரத்தில் கெடுத்துவிட வேண்டாம்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: வாங்கி வரும் குஞ்சுகள், விட்ட மூன்று நாளில் பாதி செத்துவிடுகின்றன. ஏற்றும் முன் நன்றாகத் தீவனம் கொடுக்கச் சொல்லலாமா? (மங்கலம்பேட்டை வாசகர்)

கூடாது. வயிறு நிறைந்த குஞ்சு பாக்கெட்டுக்குள் கழிவை விட்டுத் தண்ணீரைக் கெடுக்கும். முதல் நாளே ஹாப்பாவில் விட்டு, வயிறு காலியான குஞ்சா என்று கேட்டு வாங்குங்கள். பாக்கெட்டைக் குட்டைத் தண்ணீரில் 15-20 நிமிடம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டைத் தண்ணீரைச் சேர்த்து, மாலையில் விடுங்கள். அன்று தீவனம் வேண்டாம். மறுநாள் காலை குறைவாகத் தொடங்குங்கள்.

கேள்வி: எடை பார்க்க அடிக்கடி வலை வீசினால் மீன் பயந்து வளராது என்கிறார்களே? (பெண்ணாடம் வாசகர்)

தினமும் வீசினால் உண்மைதான். 15 நாளுக்கு ஒருமுறை, காலை வேளையில், வீச்சு வலையில் பத்து மீன் மட்டும் பிடித்து, ஈரக் கையால் அளந்து விட்டுவிட்டால் கெடுதல் இல்லை. கார்டிசால் ஒரு நாளில் இறங்கிவிடும். அன்று பாதித் தீவனம் போதும்.

கேள்வி: தலை பெருத்து உடல் சிறுத்த மீன்கள் நிறைய இருக்கின்றன. தேறுமா? (திட்டக்குடி வாசகர்)

தண்ணீர் இன்னும் மூன்று மாதம் நிற்கும் என்றால் தேறும். மீனின் எண்ணிக்கையைக் குறைத்து, பச்சைத் தண்ணீர் உண்டாக்கி, படிப்படியாக முழுத் தீவனம் கொடுங்கள். ஒரு மாதத்தில் எடை ஏறாவிட்டால் குஞ்சின் தரமே சரியில்லாமல் இருக்கலாம். அடுத்த முறை அரசு மீன் விதைப் பண்ணையிலோ பதிவு பெற்ற பண்ணையிலோ வாங்குங்கள். தண்ணீர் ஒரு மாதம்தான் நிற்கும் என்றால் காத்திருக்காமல் விற்றுவிடுங்கள்.

கேள்வி: விராலுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் தீவனம் கொடுக்கலாமா? (சேத்தியாத்தோப்பு வாசகர்)

வேண்டவே வேண்டாம். விரால் சேற்றில் பசி தாங்கும் மீன்தான். ஆனால் கூட்டமாக வளர்க்கும்போது பசித்த விரால் பக்கத்தில் இருக்கும் சின்ன விராலைத் தின்றுவிடும். தினமும் தீவனம் கொடுங்கள். அளவு வாரியாகப் பிரித்து வளருங்கள்.

கேள்வி: அயற்சி ஹார்மோன் உள்ள மீனைச் சாப்பிட்டால் நமக்குக் கெடுதலா? (விருத்தாசலம் வாசகி)

பயப்பட வேண்டாம். நம் உடம்பிலும் தினமும் சுரக்கும் ஹார்மோன்தான் அது. மீனில் இருப்பது மிகச் சிறிய அளவு. மெலிந்த மீனில் ருசியும் சத்தும் குறையும், அவ்வளவுதான். ஆனால் நோயால் செத்து மிதந்த மீனையும், மருந்து இட்ட சில நாளுக்குள் பிடித்த மீனையும் சமைக்காதீர்கள்.